வேட்டிக்குள் பூத்த தக்காளி

அன்று மடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: குரு ஞானாம்பாள். சமையல் பார்க்கும் பச்சையம்மாள். மூன்று வருடமாக அங்கே தங்கியிருந்த சீடர் ஏகாம்பரம். வாசல் படலுக்கு வெளியே, புங்கமரத்தடியில், உள்ளே வரச்சொல்லி யாரும் கூப்பிடாத ஏகாம்பரத்தின் தம்பி தணிகாசலம். வேறு யாரும் இல்லை.

குருவுக்கு நாற்பத்து நான்கு வயது. சீடருக்கு அறுபத்தெட்டு. இருந்தாலும் அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை ஐயா என்பார்.

தம்பி விடிந்ததும் வந்து பச்சையம்மாளிடம் சொல்லி அனுப்பியிருந்தார். "அண்ணனப் பாக்கணும். பாக்குற வரைக்கும் இங்கயே இருக்கேன்."

ஏகாம்பரம் தம்பியோடு பேசி ஒன்பது வருடமாகிறது. மனைவி இறந்த அன்று தம்பி வரவில்லை. சிதை ஆறிய பிறகுதான் வந்தார். ஏன் என்று அண்ணன் கேட்கவில்லை. சொல்லவும் விடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார். அதன் பிறகு தம்பி வந்தபோதெல்லாம் கதவு சாத்தியே இருந்தது. கடைசியில் அண்ணன் வீட்டைப் பூட்டிவிட்டு மடத்துக்கு வந்துவிட்டார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. குருவிடம் மௌன விரதம் வாங்கிக்கொண்டவரை வெளியார் யாரும் பார்க்கக் கூடாது. பெற்ற பிள்ளையானாலும் சரி, உடன்பிறந்தவரானாலும் சரி. உயிர் உள்ளவரை அப்படித்தான்.

தம்பி வரப்போகிறார் என்று ஆடியில் காதில் விழுந்ததுமே ஏகாம்பரம் மௌனம் கேட்டார்.

"கிணத்தடிப் பாத்தியில தக்காளி வையுங்க ஐயா," என்றார் குரு. "காய்க்கட்டும். அப்புறம் வாங்கிக்கலாம்."

பன்னிரண்டு நாற்று நட்டார். பாத்தியைச் சுற்றிப் பச்சையம்மாள் செண்டுமல்லி வைத்தாள். செடி தலையெடுத்ததும் பூச்சி வந்தது. இலைக்கு அடியில் வெள்ளை ஈ. தளிரில் அசுவினி. சாம்பல் தூவினார். வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்துத் தெளித்தார். ஒருநாள் செண்டுமல்லி மொட்டில் பச்சைப் புழுவைப் பார்த்தார். அத்தனை செண்டுமல்லியையும் வேரோடு பிடுங்கிப் போட்டார்.

பச்சையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "புழு அதுல உக்காரட்டும்னுதானே வச்சேன்! அதத் தின்னா இங்க வராதே!"

"புழுவுக்குப் பந்தி போடச் சொல்றியா?"

"இப்ப உங்க தக்காளிதான் பந்தி. பாருங்க."

அவள் சொன்னபடியே ஆயிற்று. அன்று மாலையே அந்துப்பூச்சிகள் தக்காளியைச் சுற்றின. ஏகாம்பரம் பழைய வேட்டிகள் நான்கைச் சேர்த்துத் தைத்தார். பாத்தி முழுவதையும் கூடாரம் போல மூடினார். ஓரங்களில் கல் வைத்தார். தண்டு ஆடித் துணியில் உரசாதபடி குச்சி நட்டு இறுக்கிக் கட்டினார்.

"செடிக்கெல்லாம் வேட்டி கட்டிவிட்டுட்டு ஐயா துண்டோட நிக்கிறாரு," என்று பச்சையம்மாள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. சாயங்காலங்களில் அந்த வெள்ளைக் கூடாரத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். யாரோடும் பேச வேண்டியதில்லை. இருட்டியதும் எழுந்து, தன் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வார்.

அன்று காலை, தம்பி வெளியே இருக்கிறார் என்று கேட்டதும் நேராகக் குருவிடம் போனார்.

"அம்மா, செடியில ஒரு புழு கிடையாது. மௌனம் குடுங்க. இப்பவே குடுங்க."

குரு எழுந்து கிணற்றடிக்கு வந்தார். ஒரு கல்லை நகர்த்தித் துணியைத் தூக்கினார். உள்ளிருந்து வெக்கை முகத்தில் அடித்தது. இலைகளில் ஓர் ஓட்டை இல்லை. மண்ணெங்கும் காய்ந்த மஞ்சள் பூக்கள் கிடந்தன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"காய் எங்க ஐயா?"

"பூக்குது, உதிர்ந்துடுது. என்ன நோய்னு தெரியல."

"நோய் இல்ல. பூவைக் காத்து அசைக்கணும். வண்டு வந்து உலுக்கணும்."

"வண்டுக்கு வழி விட்டா அந்துப்பூச்சியும் அதே வழியில வந்துடுமே."

"வரும். ரெண்டுக்கும் ஒரே வழிதான்."

குரு துணியைப் பழையபடி விட்டுவிட்டுச் சமையற்கட்டின் பின்புறம் நடந்தார். ஏகாம்பரமும் போனார். பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் இடத்தில் தக்காளிச் செடிகள் தரையில் சாய்ந்து கிடந்தன. யாரும் நட்டதில்லை. பச்சையம்மாள் வீசிய அழுகல் பழத்திலிருந்து முளைத்தவை. குரு குனிந்து, பழுத்ததும் செங்காயுமாகப் பறித்து முறத்தில் போட்டார்.

"எண்ணுங்க ஐயா."

ஏகாம்பரம் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தார். காம்போரம் துளை இருந்தவற்றை ஒதுக்கினார்.

"ஒன்பது சொத்தை, அம்மா."

"அதக் கேக்கல."

அவருக்கு முதலில் புரியவில்லை. முறத்தைப் பார்த்தார். மறுபடியும் முதலிலிருந்து எண்ண வேண்டியிருந்தது.

"நல்லது பதினாலு."

பச்சையம்மாள் முறத்தை வாங்கிக்கொண்டாள். "சொத்தையிலயும் பாதி நல்லாத்தான் இருக்கு. நறுக்கி எறிஞ்சா ரசத்துக்கு ஆச்சு," என்று அரிவாள்மணையை எடுக்கப் போனாள்.

ஏகாம்பரம் போகாமல் நின்றார். "மௌனம்?" என்றார்.

"தர்றேன். உங்க செடி காய்க்கல. இருந்தாலும் தர்றேன். குளிச்சிட்டு வாங்க."

அவர் கிணற்றடிப் பக்கம் திரும்பினார்.

"ஐயா."

நின்றார்.

"உங்க அம்மா வயித்துல பிறந்தது எத்தனை பேர்?"

"ஆறு."

"போனவங்க?"

ஏகாம்பரம் விரலை மடக்கினார். பெரியக்கா. அண்ணன். சின்னக்கா. பிறகு தங்கை கஸ்தூரி.

"நாலு."

"மீதி?"

படலுக்கு வெளியே யாரோ இருமினார்கள். வயதானவர் இருமல். நிற்காமல் வந்தது. ஏகாம்பரம் மடக்கிய விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். இருமல் அடங்கியது.

"ரெண்டு," என்றார்.