சைலன்சர் மரியாதை

காரைக்குளம் சேர்மன் வைரமணியின் கார் வந்தால் கடைத்தெருவே எழுந்து நிற்கும். அவ்வளவு மரியாதை! ஒரே குறை, கார் போடுகிற சத்தத்தில் அவர் பேசுவது அவருக்கே கேட்காது. அடியிலிருந்து புகை வேறு.

மெக்கானிக் சவரிமுத்துவைக் கூப்பிட்டார். அவன் இஞ்சினை ஓடவிட்டு, புகைக்குழாய் வாயை ஈரத்துணியால் அடைத்துப் பிடிக்கும்படி டிரைவரிடம் சொல்லிவிட்டு, குழாய் நெடுகச் சோப்புத் தண்ணீர் தெளித்தான். சைலன்சர் பக்கம் ஓரிடத்தில் நுரை பொங்கியது. அந்த ஓட்டையை வெல்டு வைத்து அடைத்தான். கார் பூனைபோலச் சத்தமில்லாமல் போனது.

மறுநாள் சேர்மன் பட்டறையில் வந்து குதித்தார்.

"ஏலே, கடைத்தெருவுல ஒரு பய எந்திரிக்கல! என் மரியாதையை எங்கலே கொண்டு போட்ட? காரும் சத்தம் போடக்கூடாது, சனமும் முன்ன மாதிரி எந்திரிக்கணும். இல்லேன்னா உன் பட்டறையைப் பூட்டிருவேன்!"

"அதுக்கென்ன அண்ணாச்சி, இப்பவே எந்திரிக்க வச்சிருதேன். டீக்கடையில போய் உக்காருங்க."

சேர்மன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து டீ வாங்கினார். பட்டறையில் சைலன்சர் வெடித்துக் கிடந்த தண்ணீர் டேங்கர் டிராக்டரைக் கிளப்பிக்கொண்டு வந்தான் சவரிமுத்து. படபடவென்று காது கிழிந்தது. கரும்புகை தெருவை மூடியது. டீக்கடைக்காரர் வடைத்தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கடைத்தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தது.

டிராக்டரை நிறுத்திவிட்டுச் சவரிமுத்து பணிவாகக் கேட்டான்:

"எல்லாரும் எந்திரிச்சாச்சா, அண்ணாச்சி?"

 டீ கிளாசைத் துண்டால் மூடிக்கொண்டு சேர்மனும் நின்றுகொண்டிருந்தார்.