ஒரு சாண் துரு

"மாஸ்டர், இந்தத் துருவ ஒரேயடியா ஒழிக்க எதாச்சும் மருந்து இருக்கா?"

கேட்டது அலாய்சியஸ். வயசு ஐம்பத்தொண்ணு. தூத்துக்குடி துறைமுகத்துல கிளார்க்.

அவர் மாஸ்டர்னு கூப்பிட்டது பேச்சிய. வயசு இருபத்தேழுதான். பைபாஸ் ரோட்டுல டிங்கர் ஷெட் வெச்சிருக்கா. ஐஸும் உப்புத் தண்ணியும் ஒழுகி ஒழுகி அடித்தகடு பிஞ்சுபோன மீன் லாரி எல்லாம் நேரா அவகிட்டதான் வரும். ஊருல துருன்னா மொத ஆளு அவதான்.

பேச்சி ஒரு லாரிக்கு அடியில படுத்திருந்தா. காலு மட்டும்தான் தெரிஞ்சுது.

"எத்தன நாளா தேய்க்கிய சார்?"

"மூணு வருஷமா."

சுத்தியல் சத்தம் நின்னுச்சு.

"மூணு வருஷமா?"

"அறுபத்தெட்டாம் வருஷத்து ஃபியட்டு மாஸ்டர். வீட்டு ஷெட்டுலயே வெச்சு நானே பண்றேன். தேய்க்கத் தேய்க்க வருது. சனிக்கிழம காலையில காயலாங்கடைக்காரர் வாராரு. 'எனக்குப் புருஷனே இல்ல, உப்புத்தாளுதான் இருக்கு'ன்னு சொல்லி என் வீட்டுக்காரி ஜெனோவா அவர வரச் சொல்லிட்டா. அதுக்குள்ள வண்டியில ஒரு கோட்டு பெயிண்ட் ஏறணுமாம். ஏறலன்னா எடைக்குப் போட்டுருவா."

"இன்னைக்கு?"

"வியாழன்."

பேச்சி வெளிய வந்தா.

அலாய்சியஸ் வீட்டு ஷெட்டுல வண்டி நாலு கட்டை மேல நின்னுச்சு. ஒரு கதவு வெள்ளிக் கணக்கா பளபளன்னு இருந்துச்சு. பக்கத்துக் கதவு லேசா மஞ்ச. டிக்கி முழுக்க காவி.

"எதுல ஆரம்பிச்சிய?"

"டிரைவர் கதவு. அப்புறம் பின்கதவு, டிக்கி, அந்தப் பக்கம், பானட்டு. ஒரு சுத்து வர நாலு மாசம் ஆகுது."

"சுத்தி வந்ததும்?"

"டிரைவர் கதவுல மறுபடி ஏறியிருக்கும்."

"அப்புறம்?"

"மறுபடி டிரைவர் கதவு."

பேச்சி விரல மடக்கி எண்ணுனா. "ஒம்பது சுத்து. கோயில் தேரே வருஷத்துக்கு ஒரு சுத்துதான் சார் வருது."

அலாய்சியஸுக்கு நிக்க முடியல. இந்தக் காலு, அந்தக் காலுன்னு மாத்திக்கிட்டே இருந்தாரு.

"துருவத் தடுக்குற ரெட் ஆக்ஸைடு பெயிண்ட் இல்லயா?"

"இருக்கு மாஸ்டர். ரெண்டு டின்னு தொறக்காமலே காஞ்சு போச்சு. இது மூணாவது."

"ஏன் அடிக்கல?"

அவருக்குச் சொல்லக் கூச்சமா இருந்துச்சு. சொன்னாரு.

"ஒரே ஒரு தடவ. முழு வண்டியும், ஒரு பொட்டுத் துரு இல்லாம, அப்படியே வெள்ளியா நிக்கணும். அத மட்டும் கண்ணால பாத்துட்டேன்னா, மறுநிமிஷம் அடிச்சிருவேன்."

பேச்சி குழாய்ல விரல நனச்சா. பளபளன்னு இருந்த கதவுல ஒரு பொட்டு வெச்சா.

"டீ குடிப்போமா சார்?"

அலாய்சியஸ் பதறிட்டாரு. துணியத் தேடுனாரு. "தொடைக்காதிய"ன்னா.

டீ வந்துச்சு. ஊதி ஊதிக் குடிச்சா. இன்னொரு கிளாஸ் கேட்டா. அதையும் ஊதி ஊதியே குடிச்சா. அவரு கிளாஸு ஆறிப்போயி அப்படியே இருந்துச்சு.

கதவுல ஆரஞ்சு நெறத்துல ஒரு பொட்டு.

"கடல் எவ்ளோ தூரம்?"

"ரெண்டு தெரு."

"ம்."

டின்னத் தொறந்து, கலக்கி, பிரஷ்ஷ முக்கிக் கையில வெச்சுக்கிட்டா. "ஒரு சாண் தேயுங்க."

தேச்சாரு. என்ன ஒரு மினுமினுப்பு! அவரு முகமே அதுல தெரிஞ்சுது. அதப் பாக்கக் குனிஞ்சாரு.

பேச்சி சர்ர்ருன்னு அது மேல பிரஷ்ஷ இழுத்துட்டா.

"ஐயோ மாஸ்டர்!"

"அடுத்த சாண்."

"முழுசா பாக்கணும்னு சொன்னேன்லா!"

"அடுத்த சாண் சார்."

பத்து சாண் ஆச்சு. கதவு பூரா திட்டுத் திட்டா, செங்கல் கலருல.

"அசிங்கமா இருக்கு மாஸ்டர்."

"ஆமா"ன்னா பேச்சி. பைக்க எடுத்துட்டுப் போயிட்டா.

வெள்ளிக்கிழம லீவு போட்டாரு. தனியா ஆரம்பிச்சாரு. தேச்சாரு, உப்புத்தாளக் கீழ வெச்சாரு, பிரஷ்ஷ எடுத்தாரு, கையெல்லாம் தூளு, தொடைச்சாரு, டின்னு சாஞ்சுது, நிமித்துனாரு. திரும்பிப் பாத்தா தேச்ச எடம் மங்கிக்கிட்டு வருது. மறுபடி தேச்சாரு. மத்தியானம் வரைக்கும் அரைக் கதவுதான்!

ஃபோன் போட்டாரு.

"மாஸ்டர், ரெண்டு கையி பத்தல. காத்து முந்திக்கிது."

"வீட்டுல எத்தன பேரு?"

கட் ஆயிருச்சு.

ஃபோன வெச்சாரு. அப்புறம் அடுக்களைப் பக்கம் போனாரு. ஜெனோவா சாள மீன் கழுவிக்கிட்டு இருந்தா.

"கொஞ்சம் வாரியா?"

"எங்க?"

"ஷெட்டுக்கு."

அவ நிமிந்து பாத்தா. மூணு வருஷத்துல ஒரு நாள்கூட அவர் அவள உள்ள விட்டதில்ல. கை வேர்வ பட்டா துரு ஏறுமாம்.

"குளிச்சுட்டு வரணுமா? இல்ல பூச கீச எதாவது பண்ணிட்டு வரவா?"

"பிரஷ் பிடிக்கணும் ஜெனோ."

"காயலாங்கடைக்காரர்கிட்டச் சொன்னது சொன்னதுதான். அத மாத்த மாட்டேன்."

"சரி."

"மீன் கை வேற."

"சரி வா."

சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்தா. அவரு தேச்சாரு. அவ இழுத்தா. மொத சாண்ல பிரஷ்ஷு மயிர் ரெண்டு ஒட்டிக்கிச்சு. அவரு பல்லக் கடிச்சாரு. அஞ்சாவது சாண்ல, "என்ன ஆமையாட்டம் தேய்க்கிய, வேகமா தேயுங்க"ன்னு அவ அதட்டுனா. பின்கதவு முடிஞ்சுது. "குனிஞ்சு குனிஞ்சு மூஞ்சி பாக்காதிய, நல்லாத்தான் இருக்கிய"ன்னா. டிக்கி முடிஞ்சுது. மீன பூன தூக்கிட்டுப் போயிருச்சு. ரெண்டு பேருக்கும் தெரியல.

சனிக்கிழம காலையில கேட்டுக்கு வெளிய வண்டிச் சத்தம்.

காயலாங்கடைக்காரர் கயிறும் கையுமா உள்ள வந்தாரு. ஃபியட்டப் பாத்தாரு. பாதி செங்கல் கலரு, மீதி துரு.

"அக்கா, முன்னாடி கட்டி இழுக்கவா? பின்னாடியா?"

அலாய்சியஸ் கை நின்னுபோச்சு. கைக்குக் கீழ, அப்பத்தான் தேச்ச ஒரு சாண், வெள்ளியா மின்னிச்சு. அவரு அதப் பாக்கல. ஜெனோவாவப் பாத்தாரு.

அவ திரும்பவே இல்ல. பிரஷ்ஷு காஞ்சு கையில இருந்துச்சு.

"அண்ணாச்சி, கயிறோட சும்மா நிக்கியளே, அந்த டின்ன இங்கிட்டுத் தள்ளுங்க. சீக்கிரம், காத்து வருது!"