பீப் போட்ட இடம்

சபாபதிக்குத் தொலைக்காட்சியில் வேலை. ஆனால் அவர் முகத்தை யாரும் திரையில் பார்த்ததில்லை. நிகழ்ச்சியில் எவராவது ஏடாகூடமாகப் பேசிவிட்டால், அந்த இடத்தில் 'பீப்' என்று ஒரு சத்தத்தைப் போட்டு மூடுவதுதான் அவர் பிழைப்பு. ஊரார் வசவெல்லாம் அவர் காதுக்குள் போய்த்தான் அடங்கும், பாவம்!

அன்று காலையிலேயே பாலாற்றங்கரை ஆசிரமத்துக்கு வந்துவிட்டார். சின்ன சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சாமிக்கு சபாபதியின் மகன் வயதுதான் இருக்கும். அதற்கென்ன, குரு குருதானே? நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"எனக்கு மௌன விரதம் கொடுங்க சாமி. சாகுற வரைக்கும்."

"அடேங்கப்பா! இப்போ என்ன வந்தது?"

"என் நாக்கு சரியில்லை."

அம்மாவின் காரியத்தன்று, உறவுக்காரர்கள் நடுவில் தம்பி நடேசனைப் பார்த்து, "அம்மாவைக் கொன்னதே நீதான்டா" என்று கத்திவிட்டார் சபாபதி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நடேசன் ஒரு நாள் தாமதித்தது உண்மை. அம்மாதான் வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள் என்பதும் உண்மை. மறுநாளே சபாபதிக்கு உறைத்தது. உறைத்து என்ன செய்ய? அன்றிலிருந்து தம்பியோடு பேச்சே இல்லை.

"நேத்து தம்பி அவன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தான் சாமி. நான் ரூமை விட்டு வெளியே வரலை."

"கோபமா?"

"ஐயோ, கோபமெல்லாம் எப்பவோ போச்சு. வெட்கம் சாமி. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவனைப் பார்க்கிறது? வாயைத் திறந்தா மறுபடி எதையாவது கொட்டிடுவேனோன்னு பயம் வேற. பேசாமலே இருந்துட்டா வம்பில்லை பாருங்க."

சாமி ஒரு கட்டுக் கீரையை அவர் பக்கம் தள்ளினார். சபாபதியும் ஆயத் தொடங்கினார்.

"லாரி ரிவர்ஸ்ல வந்தா பீப்புங்குது. 'விலகு'ன்னு அர்த்தம். ஆஸ்பத்திரி மிஷின் பீப்புங்குது. 'உயிர் இருக்கு'ன்னு அர்த்தம். உங்க பீப்புக்கு என்ன அர்த்தம்?"

சபாபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது ஒன்னும் சொல்லாது சாமி. சொல்ல விடாது. அதோட வேலையே அதுதான்."

"அப்போ கேட்கிறவங்களுக்கு அங்கே என்ன வார்த்தைன்னு தெரியாது?"

தொழில் பேச்சு வந்ததும் மனிதருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"அங்கேதான் கூத்தே! ஒரு பேட்டியில ஒருத்தரு தன் சம்பந்தியை 'லூசு'ன்னு சொல்லிட்டாரு. மேலே இருக்கிறவங்க அதையும் மூடச் சொன்னாங்க, மூடினேன். டிவியில பார்த்த சம்பந்தி மறுநாளே ஆள் கூட்டிக்கிட்டு அவரு வீட்டுக்கே போயிட்டாரு. 'எங்க அம்மாவையாடா இழுத்தே?'ன்னு சட்டையைப் பிடிச்சுட்டாரு. மனுஷன் சொன்னது வெறும் லூசு! பீப் கேட்டாப் போதும் சாமி, அவங்கவங்க மனசுல கிடக்கிறதிலேயே மோசமான வார்த்தையைத் தாங்களே அங்கே போட்டுக்குவாங்க."

சாமி சிரிக்கவில்லை. ஆய்ந்த கீரையைக் கூடையில் போட்டார்.

"நேத்து உங்க தம்பி எவ்வளவு நேரம் கூடத்துல உட்கார்ந்திருந்தாரு?"

"ஒரு மணி நேரம் இருக்கும். ரூம் கதவையே பார்த்துக்கிட்டிருந்தானாம், என் சம்சாரம் சொன்னா."

"அவ்வளவு நேரமும் அவருக்கு என்ன கேட்டிருக்கும்?"

"நான்தான் ஒன்னுமே சொல்லலையே சாமி!"

"ஆமாம்" என்றார் சாமி. "அந்த இடத்துல அவரு எந்த வார்த்தையைப் போட்டுக் கேட்டுட்டுப் போனாரு?"