துணி எடுக்காத பேரம்

அந்தக் காலத்தில், விலங்குகளுக்கும் வாய்ப்பேச்சு இருந்தபோது, மலையடிவாரத்து ஊர்களில் காட்டுப்பன்றி என்ற பேரே மறந்து போயிருந்தது. நெடுங்காலம் மழையில்லாமல் மலைச்சுனைகள் வற்றியபோது பன்றிகள் குட்டிகளை முன்னே விட்டுக்கொண்டு முகட்டைத் தாண்டிப் போய்விட்டன. இனி எங்கே வரப்போகின்றன என்று ஊர்க்காரர்கள் ஏரை மலையின் காலடி வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனார்கள்.

அப்படி ஏர் போய் நின்ற கடைசி இடத்தில் ஒச்சாயியின் கடலைக்காடு இருந்தது. கல் பொறுக்கி, முள் வெட்டி, அவள் கையாலேயே திருத்திய மண். அண்ணன் வீட்டில் ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு பேச்சுக் கேட்டு வளர்ந்தவள் அவள். ஒருநாள் தட்டைத் தூக்கி வீசிவிட்டு, "இனி என் சோத்தை நானே விளைய வைக்கலேன்னா என் பேரை மாத்திக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வாசல் இறங்கினாள். மாடு வாங்கி விற்க மாட்டுச்சந்தைக்குப் போனாள். அங்கே முதலில் ஏமாந்தாள். மறுபடியும் ஏமாந்தாள். அதற்குப் பிறகு அவளை ஏமாற்ற ஆள் இல்லை. ஆண்பிள்ளைத் தரகர்கள் அவள் வருவதைப் பார்த்தாலே வெற்றிலைப் பையைத் தேடுகிற சாக்கில் நகர்ந்துவிடுவார்கள்.

சந்தையில் ஒரு முறை உண்டு. மாட்டின் விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் மாடு கேட்டுவிடும். தன் விலை குறைவு என்று தெரிந்த மாடு வழியெல்லாம் முறையிட்டுக்கொண்டே வரும். அதனால் வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் ஒரு துணிக்குள் போகும். விரலைத் தொட்டு விலை கேட்பார்கள், விரலை மடக்கி மறுப்பார்கள். கைமேல் துணி கிடக்கிற வரைக்கும் பேரம் நடக்கிறது என்று அர்த்தம். அதுவரை வாங்குகிறவர் கயிற்றைத் தொடக்கூடாது; விற்கிறவர் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போகவும் கூடாது. துணியை எடுத்தால்தான் முடிந்தது. படிந்தாலும் சரி, முறிந்தாலும் சரி.

ஒரு வருடம் மலையில் மழை கொட்டியது. கிழங்கு செழித்தது, மூங்கில் குருத்து விட்டது. கடலை பிஞ்சு பிடிக்கிற பருவத்தில் ஒருநாள் விடிந்ததும் காட்டுக்குப் போன ஒச்சாயி அப்படியே நின்றுவிட்டாள். மேற்கோரத்தில் மண் புரண்டு கிடந்தது. யாரோ இரவல் ஏரைக் கொண்டுவந்து கோணல்மாணலாக உழுதுவிட்டுப் போனது போல் இருந்தது. பிஞ்சுகளைக் காணோம். ஈரமண்ணில் இரட்டைக் குளம்பு பதிந்திருந்தது.

"ஆடா இருக்கும்" என்றான் புருசன் மொக்கையன்.

"ஆமா, ஆடு மம்பட்டி எடுத்துட்டு வந்துச்சு. போய்யா அங்கிட்டு!"

திட்டிவிட்டாளே தவிர, பன்றி திரும்பி வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் இன்னும் கொஞ்சம் போயிருந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. விடிவதற்குள் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். காட்டுக்குப் போகவும் கால் வராது, போகாமலும் இருக்க முடியாது. இந்த வெள்ளாமையும் போனால் விதைக்கடலை மிஞ்சாது. விதை இல்லையென்றால் அண்ணன் வீட்டு வாசலில்தான் போய் நிற்க வேண்டும். அண்ணன் என்ன பேரால் கூப்பிடுவான் என்பதைக்கூட அவள் நினைத்துப் பார்த்தாள்.

பக்கத்துக் காட்டுக்காரன் கண்ணாயிரம், முறைக்குக் கொழுந்தன், ஊரைக் கூட்டினான். "மதினி, பேசிக்கிட்டிருந்தா ஆகாது. குழி வெட்டுவோம். ஒண்ணு விழுந்தா மத்தது ஓடிடும். கறிக்குக் கறியும் ஆச்சு."

ஒச்சாயியின் மேற்கு வரப்புக்கு வெளியே குழி வெட்டித் தழை போட்டு மூடினார்கள்.

அன்று பொழுது சாய்கிற நேரம். ஒச்சாயி புல் அறுத்துவிட்டு, கட்டுவதற்குக் கொண்டுவந்த பழைய கண்டாங்கிச் சேலையை விரித்தாள். குழியிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தாள். முதுகில் கோடு போட்ட பன்றிக்குட்டி ஒன்று, வெள்ளரிப்பழம் அளவுக்கு, மண்ணோடு மண்ணாக நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் குழியோரத்தில் குப்புறப் படுத்து, கையை நீட்டி அதன் பின்னங்காலைப் பிடித்துத் தூக்கினாள்.

நிமிர்ந்தபோது எதிரே தாய் நின்றது. பிடரிமயிர் சிலிர்த்து, கறுத்த பாறை ஒன்று மூச்சு விடுவது போல் நின்றது. அதன் பின்னால் புதருக்குள் எத்தனை கண்கள் என்று ஒச்சாயி எண்ணவில்லை. எண்ணினால் ஓடிவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

"குட்டியை விடு" என்றது பன்றி.

"என் காட்டை விடு" என்றாள் ஒச்சாயி. குரல் நடுங்கியதை மறைக்கச் சத்தமாகச் சொன்னாள்.

"உன் காடா? நான் குட்டியா இருந்தப்ப இந்த இடத்துல கிழங்கு தோண்டித் தின்னிருக்கேன். தண்ணி இல்லேன்னு போனோம். எழுதிக் கொடுத்துட்டா போனோம்?"

"போறப்ப யார்கிட்டயாச்சும் சொல்லிட்டுப் போனியா? நான் வந்து பார்த்தப்ப கல்லும் முள்ளும்தான் கிடந்துச்சு. கையைப் பாரு மலைக்காரி, இந்தக் காய்ப்பு கிழங்கு தின்னு வந்ததா?"

பன்றி ஓரடி முன்னால் வைத்தது. அப்போது வாய்க்கால் பக்கமிருந்து நாய்க்குரைப்பும் ஆட்களின் கூச்சலும் கேட்டன. குட்டியின் சத்தம் கேட்டுக் கண்ணாயிரம் ஈட்டியோடு ஊரைத் திரட்டி வந்துகொண்டிருந்தான். பன்றியின் காதும் அந்தப் பக்கம் திரும்பியது. அவர்கள் வந்து சேர்ந்தால் இந்த மண்ணில் இரத்தம் விழும். குட்டி போகும். நாளைக்கு அத்தனை பன்றிகளும் சேர்ந்து வரும். கடலைச்செடி ஒன்றுகூட நிற்காது.

பயந்தால் ஒச்சாயிக்குக் கை நடுங்கும். ஆனால் பேரம் என்று வந்துவிட்டால் அந்தக் கை நின்றுவிடும்.

"சந்தை முறை தெரியுமா உனக்கு?"

"முகட்டுக்கு அந்தப் பக்கம் எருமைங்க புலம்பக் கேட்டிருக்கேன். துணிக்குள்ள கை விட்டுத்தான் எங்க பொழைப்பைக் கெடுத்தாங்கன்னு சொல்லும்."

"அப்ப உட்காரு. பெருவிரலைத் தொட்டா முழுக்காடு. நடுவிரல்னா பாதி. சுண்டுவிரல்னா ஓரத்துல ஒரு உழவுச்சால் மட்டும்."

குட்டியை இடக்கையில் அணைத்துக்கொண்டு, சேலையை எடுத்து வரப்பின்மேல் போட்டு, வலக்கையை உள்ளே விட்டாள். பன்றி தன் முன்னங்காலை உள்ளே விட்டது. துணிக்கு மேலே இரண்டு முகங்கள் மட்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

குளம்பு அவள் பெருவிரலை அழுத்தியது. அரிவாள் முனை போலிருந்தது. அவள் பெருவிரலை மடக்கிக்கொண்டு சுண்டுவிரலை நீட்டினாள். பன்றி உறுமியது. மறுபடி பெருவிரல். மறுபடி சுண்டுவிரல்.

"குட்டி என் கையில இருக்கு, மறந்துடாதே."

"உன் காடு என் காலடியில இருக்கு, நீயும் மறந்துடாதே."

ஒச்சாயிக்கு நெற்றியில் வேர்வை அரும்பியது. துடைக்கவில்லை; துடைத்தால் எதிராளிக்குத் தெரிந்துவிடும். வெகுநேரம் கழித்துக் குளம்பு பெருவிரலை விட்டு நகர்ந்து நடுவிரலில் வந்து நின்றது. பாதி. அதற்குக் கீழே வராது என்று அந்த அழுத்தத்திலேயே தெரிந்தது. பாதியைக் கொடுத்தால் விதை மிஞ்சாது. கொடுக்காமல் துணியை எடுத்தால் பேரம் முறிந்தது. நாய்கள் கூப்பிடு தூரத்துக்கு வந்துவிட்டன.

அப்போதுதான் அவள் அதைச் செய்தாள். துணியை எடுக்காமல் கையை மட்டும் மெல்ல உருவிக்கொண்டாள்.

"பாதி பெரிய விசயம். நான் ஒருத்தியா முடிவு சொல்ல முடியாது. எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுறேன்."

உப்பு வாங்குவதற்குக்கூட அவள் மொக்கையனைக் கேட்டதில்லை. இது பன்றிக்கு எப்படித் தெரியும்?

"அதுவரைக்கும்?"

"துணி கிடக்கும். அது கிடக்கிற வரைக்கும் பேரம் நடக்குது. நீ என் காட்டுக்குள்ள வாய் வைக்கக்கூடாது. நாங்க குழி வெட்டக்கூடாது, ஈட்டி தூக்கக்கூடாது. இந்தா, அச்சாரம்." குட்டியைக் கீழே விட்டாள். அது தாயின் வயிற்றுக்கடியில் ஓடி ஒளிந்துகொண்டது.

பன்றி குட்டியை முகர்ந்து பார்த்தது. பிறகு கேட்டது: "காத்திருக்கிறப்ப பசிக்குமே?"

"துணிக்கு வெளியே ஒரு சால் விட்டு வைக்கிறேன். அதைத் தின்னு."

மூச்சிரைக்க ஓடிவந்த கண்ணாயிரம் வரப்பில் கிடந்த சேலையையும் புதருக்குள் மறைகிற பன்றியையும் பார்த்தான். "என்ன மதினி, விருந்து வச்சு அனுப்புறீங்களா? கையில கிடைச்ச குட்டியையும் விட்டுட்டீங்களே!"

"பேரம் நடக்குது கொழுந்தனாரே. நடுவுல கல்லெறிஞ்சா சந்தைக்கே ஆகாது. ஈட்டியைக் கீழே போடுங்க. அந்தக் குழியையும் மூடுங்க."

மறுநாள் விடிந்தும் விடியாமலும் வீட்டிலிருந்த பழைய சேலைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தாள். ஓரத்து உழவுச்சால் ஒன்றை வெளியே விட்டு, குச்சி நட்டு, காட்டைச் சுற்றிலும் கட்டினாள். பேரம் முழுக்காட்டுக்கும்தானே நடக்கிறது?

அந்தியில் பன்றி வந்தது. சேலையில் மூக்கை வைத்து முகர்ந்தது. "கேட்டியா?"

"அவரு தங்கச்சி ஊருக்குப் போயிருக்காரு."

பன்றி வெளிச்சாலைத் தோண்டித் தின்றுவிட்டுப் போனது. அடுத்த நாளும் வந்தது. அவருக்குக் காய்ச்சல். அதற்கடுத்த நாள் நல்ல நாள் இல்லை. ஒவ்வொரு அந்தியிலும் ஒரு சாக்கு. ஒவ்வொரு சாக்கைச் சொல்லும்போதும் அவள் நெஞ்சு இன்றோடு சரி, இன்றோடு சரி என்று அடித்துக்கொள்ளும். காற்று அடித்தால் சேலை பறந்துவிடுமோ என்று ஓடுவாள். மழை பெய்தால் முடிச்சு இளகுமோ என்று ஓடுவாள். கடலை முற்றிக்கொண்டு வந்தது. அவள் இளைத்துக்கொண்டு வந்தாள்.

பிடுங்குவதற்குக் கொஞ்ச நாளே இருக்கும்போது மொக்கையன் அந்தக் காரியத்தைச் செய்தான். வெயிலுக்குத் தலையில் கட்ட ஒன்றும் அகப்படவில்லை. வடக்கோரத்துச் சேலையை அவிழ்த்து உருமால் கட்டிக்கொண்டு மாடு மேய்க்கப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் வடக்கோரம் முழுக்கப் புரண்டு கிடந்தது. மற்ற மூன்று பக்கமும் ஓர் இலை அசங்கவில்லை.

ஒச்சாயி அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து மொக்கையன் தலையிலிருந்து சேலையைப் பிடுங்கினாள். அவனுக்கு அன்று கிடைத்த பேச்சை இங்கே சொல்லக்கூடாது. சேலையை மறுபடி கட்டிவிட்டு அந்தி வரைக்கும் அந்த இடத்தை விட்டு அசையாமல் நின்றாள்.

பன்றி வந்தது. இந்த முறை கூட்டத்தோடு வந்தது. "துணியை எடுத்துட்டே. பேரம் முறிஞ்சதுன்னு உள்ளே வந்தோம். இன்னைக்கு மிச்சத்தையும் முடிச்சுடலாம்னு பிள்ளைங்க சொல்லுது."

"எடுத்தது நானா?"

"உன் வீட்டுக்காரர். இந்தத் துணியில அவர் தலைவாடை அடிக்குது."

"அவர்கிட்ட நான் இன்னும் கேட்கவே இல்லையே, மலைக்காரி! என்ன விலைன்னே தெரியாத ஆளு எப்படிப் பேரத்தை முறிக்க முடியும்? சந்தையில வழியில போறவன் துண்டை இழுத்தா பேரம் முறிஞ்சுடுமா?"

பன்றி யோசித்தது. குட்டிகள் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

"அப்ப பேரம் இன்னும் நடக்குதா?"

"நடக்குது."

பன்றி மெல்லச் சேலையின் மேல் மூக்கை வைத்தது. "சந்தைக்காரி, நீ கேட்கப்போறதில்லைன்னு எனக்கு என்னைக்கோ தெரியும். ஆனா இந்தத் துணி கிடக்கிற வரைக்கும் என் பிள்ளைங்க குழியில விழாது. அதனாலதான் நானும் தினம் வந்து கேட்டுட்டுப் போறேன். ஒண்ணு மட்டும் நினைப்பில வச்சுக்க. துணி கிழிஞ்சா நான் கேட்க மாட்டேன். உள்ளே வந்துடுவேன்."

அந்த வருடம் ஒச்சாயி கடலை பிடுங்கினாள், விதை எடுத்து வைத்தாள். அண்ணன் வீட்டு வாசலுக்குப் போகவில்லை. வெளிச்சாலில் கை வைக்கவும் இல்லை. ஆனால் அடுத்த விதைப்புக்கு முன்பே வீடுவீடாகப் போய்ப் பழைய சேலை கேட்க ஆரம்பித்துவிட்டாள். கட்டியிருந்தவை வெயிலில் இற்றுக்கொண்டிருந்தன. அவளைக் கேலி பேசிய கண்ணாயிரம்தான் அவளுக்கு அடுத்தபடியாகத் தன் காட்டைச் சுற்றிச் சேலை கட்டினான், பெண்டாட்டிக்குத் தெரியாமல்.

அன்று முதல்தான் மலையடிவாரக் காடுகளைச் சுற்றிப் பழைய சேலைகள் படபடத்துக்கொண்டிருக்கின்றன. பன்றி வரும், துணியில் மூக்கை வைத்து ஒருமுறை உறுமும், வெளியோரத்து உழவுச்சாலைக் கிளறிவிட்டுத் திரும்பிப் போகும். அதற்கு இப்போது பேச்சு இல்லை. ஆனாலும் அந்த உறுமல், "கேட்டியா?" என்பதுதான் என்று காவலுக்குப் படுத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். பதில் சொல்லாமல் எழுந்து, எந்தச் சேலை எங்கே நைந்திருக்கிறது என்று ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே காட்டைச் சுற்றி நடப்பார்கள்.