பங்கஜம் வைத்த நாவல்மரம்

உறையூரில் வாசுகி அம்மையார் ஒரு தியானக் கூடம் நடத்திவந்தார். தில்லைநாயகம் அவரைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் சீடர். மனைவி பங்கஜம் இறந்துபோன பிறகு அங்கே வர ஆரம்பித்தவர்.

அன்று எல்லோரும் கலைந்த பின்னும் அவர் எழுந்திருக்கவில்லை.

"என்ன ஐயா?" என்றார் அம்மையார்.

"வீட்டு நாவல்மரத்தை வெட்டச் சொல்றாங்கம்மா. பங்கஜம் வச்ச மரம். உயிரோட இருக்கறதை வெட்டுறது பாவமில்லையா?"

"யாரு வெட்டச் சொல்றது?"

"பக்கத்து வீட்டு மெஹருன்னிசா. முந்தாநாள் காத்துல ஒரு கிளை முறிஞ்சு அவங்க சமையக்கட்டு சிமெண்ட் ஷீட்டை உடைச்சிடுச்சு. நல்லவேளை, பால் வாங்க வாசலுக்குப் போயிருந்தாங்க."

அம்மையார் செருப்பை மாட்டிக்கொண்டார். "வாங்க, பார்க்கலாம்."

மரம் பெரிதாகத்தான் இருந்தது. அதன் வேர் சுற்றுச்சுவரைப் பிளந்து, குளியலறைத் தரையைத் தூக்கியிருந்தது. தில்லைநாயகம் அதையெல்லாம் காட்டவில்லை. மரத்தடியில் நின்றதும் அவர் குரலே மாறிவிட்டது.

"சித்திரை வெயில்லகூட இங்க ஃபேன் வேண்டாம்மா. பழம் விழுற மாசத்துல தெருப்பிள்ளைங்க எல்லாம் ஊதா நாக்கோட திரியும். காயப்போட்ட வேட்டியெல்லாம் கறை. பங்கஜம் என்னைத்தான் திட்டுவா, ஏதோ நான் மரத்துல ஏறி உலுக்கின மாதிரி."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அம்மையார் பக்கத்து வீட்டுக்கு நடந்தார். தில்லைநாயகமும் பின்னால் போனார்.

மெஹருன்னிசா இருவரையும் சமையலறையில் உட்காரவைத்து டீ போட்டாள். உடைந்த ஷீட்டின் மேல் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. காற்று வீசியது. தார்ப்பாய் படபடவென்று அடித்தது. மேலே கிளை உரசும் சத்தம் கேட்டு, தில்லைநாயகம் சட்டென்று எழுந்து வாசற்படிக்குப் போய்விட்டார்.

மெஹருன்னிசா அடுப்பை விட்டு நகரவில்லை. தலையை மட்டும் குனிந்துகொண்டாள்.

"மரத்தையே வெட்டச் சொன்னியாம்மா?" என்று கேட்டார் அம்மையார்.

"ஐயோ, இல்லம்மா. அந்த நிழல் இல்லன்னா வெயில் காலத்துல இந்த வீட்டுல இருக்க முடியுமா? எங்க பக்கம் சாஞ்ச ரெண்டு கிளையை எடுத்தாப் போதும்னுதான் அண்ணன்கிட்ட சொன்னேன்."

அம்மையார் திரும்பிப் பார்த்தார். தில்லைநாயகம் தலை குனிந்தார்.

"அதுல ஒண்ணு பங்கஜம் பேத்திக்குத் தூளி கட்டின கிளைம்மா."

"முந்தாநாள் சத்தம் கேட்டப்போ பங்கஜம் இருந்திருந்தா, முதல்ல எங்க ஓடியிருப்பாங்க?" என்று கேட்டார் அம்மையார்.

தில்லைநாயகம் வாசற்படியிலிருந்து மறுபடி உள்ளே வந்தார்.

"இங்கதான்" என்றார். பிறகு மெஹருன்னிசாவிடம், "நாளைக்கே ஆளைக் கூட்டிட்டு வரேம்மா. அதுவரைக்கும் எங்க வீட்டு அடுப்புல சமைச்சுக்க" என்றார்.

தெருவில் இறங்கி நடக்கும்போது அவர் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"வெட்டின இடம் வெறிச்சுன்னு இருக்குமேம்மா."

"இருக்கும் ஐயா" என்றார் அம்மையார்.