அக்கரையில் தங்கிவிட்ட ஓலை

ரொம்ப காலத்துக்கு முன்னால் கொன்றைவனச் சீமையைக் கோதண்டவர்மர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். தங்கமான மனிதர்தான். மத்தியானத் தூக்கம் கலைந்தால் மட்டும் தங்கம் பித்தளையாகிவிடும்.

அந்தக் காலத்தில் ஓலை கொண்டுவரும் ஓட்டக்காரர்கள் மணி கட்டிய ஈட்டியோடு ஓடி வருவார்கள். மணிச்சத்தம் கேட்டதும் வண்டிகள் ஒதுங்கும், அடுத்த ஓட்டக்காரன் வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்து நிற்பான். ஒருநாள் அந்த மணி ராஜாவை எழுப்பிவிட்டது. பக்கத்தில் விசிறிக்கொண்டிருந்த பிரதானி விருத்தகிரி, "மகாராஜா தூக்கத்தைவிட ஓலை பெரிதா?" என்று எடுத்துக்கொடுத்தார்.

"இனி என் ஓட்டக்காரன் எவனும் எங்கேயும் மணி அடிக்கக் கூடாது. மணி என்ற பேச்சை என் காதில் போடுகிறவனுக்கு நாக்கு இருக்காது" என்று ஆணையிட்டுவிட்டு ராஜா திரும்பிப் படுத்துக்கொண்டார். குறட்டைக்கு ஏது தடை?

ராஜாவின் ஒரே மகள் பூங்கோதையை வெள்ளியாற்றுக்கு அப்பால் உள்ள நாட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தாயில்லாப் பெண். இப்போது தலைப்பிரசவம். "வளைகாப்புக்கு நாள் குறித்ததும் எழுதுகிறேன், அப்பாவே வந்து அழைத்துப் போகணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ஏழாம் மாதம் பிறந்தது, ஓலை வரவில்லை. ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆள் அனுப்பி விசாரிக்கவும் ரோஷம் விடவில்லை.

விருத்தகிரிக்கு அமைச்சர் தெய்வநாயகரின் பதவிமேல் வெகுநாளாக ஒரு கண். "ஓலையை மருமகனார்தான் தடுத்து வைத்திருக்கிறார் பிரபு. நம் அமைச்சரோ பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார். படையோடு போய் நின்றால் பெண்ணை அனுப்பாமலா இருப்பார்?" என்றார்.

ராஜா மீசையை முறுக்கினார். தெய்வநாயகர் குறுக்கிட்டார். "வாளோடு சம்பந்தி வீட்டுக்குப் போனால், நம் பெண் அங்கே எந்த முகத்தோடு வாழ்வாள்? கொஞ்சம் பொறுங்கள். ஓலையை நான் கண்டுபிடித்துத் தருகிறேன்."

"தராவிட்டால்?" என்றார் விருத்தகிரி.

"என் முத்திரை மோதிரம் உங்கள் விரலுக்கு."

அமைச்சர் நேரே வெள்ளியாற்றுத் துறைக்குப் போனார். படகுக்காரன் வேலாண்டி படகைக் கட்டிப்போட்டுவிட்டு வலை பின்னிக்கொண்டிருந்தான்.

"அக்கரைக்குப் போகவில்லையா?"

"அக்கரையில ஓட்டக்காரன் மணி அடிச்சாத்தானுங்க படகை எடுக்கணும். ஒற்றன் எவனும் ஏறிடக் கூடாதுன்னு அந்தக் காலத்துச் சட்டம். இப்பல்லாம் மணியே கேக்கலீங்க. ஓலை இல்லைபோலன்னு இருக்கேன்."

அமைச்சருக்கு விளங்கிவிட்டது. படகை அனுப்பி அந்த ஓலையை எடுத்துவிடலாம். அடுத்த ஓலைக்கு என்ன செய்வது? ராஜாவிடம் சொல்லலாமென்றால் நாக்கு போய்விடும். பூனைக்கு யார் மணி கட்டுவது என்பார்கள். இங்கே அவிழ்த்த மணியைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது.

மறுநாள் அமைச்சர் ராஜாவிடம், "அக்கரைக் காட்டில் பன்றி பெருத்துவிட்டதாம். வேட்டையாடினால் மனசு ஆறும்" என்றார். விருத்தகிரியையும் கூட்டிக்கொண்டு யானைமேல் மலைவழியாகச் சுற்றிப் போனார்கள். வேட்டை முடிந்ததும், "சுற்றுவழி எதற்கு? படகுத்துறை பக்கம்தான்" என்று ராஜாவை ஆற்றங்கரைக்கு அழைத்துவந்தார்.

மகள் நாட்டுக் கரையில் ராஜா, எதிர்க்கரையில் படகு, நடுவில் இரைந்து ஓடும் வெள்ளம். "கூப்பிடும்" என்றார் ராஜா. விருத்தகிரி தொண்டை கிழியக் கத்தினார். ஒரு கொக்கு மட்டும் எழுந்து பறந்தது. ராஜாவுக்குப் பசி வேறு.

கரையோர மண்டபத்தில் ஓட்டக்காரன் இருளப்பன் மழையில் நனைந்த உடம்போடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கம்பளியால் போர்த்திய ஒரு பை.

"என்னப்பா இங்கே செய்கிறாய்?" என்றார் ராஜா.

"ஓலையோட காத்திருக்கேன் சாமி. படகு வரல."

"கூப்பிடுவதுதானே?"

"கூப்பிட்டா வராதுங்க. கூப்பிடுற சாமானைத் தொடக் கூடாதுன்னு மகாராஜா ஆணை." அவன் சுவரில் சாத்தியிருந்த ஈட்டியைக் காட்டினான். மணியைத் துணியால் இறுகச் சுற்றியிருந்தான்.

ராஜா அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு நாக்கு வேண்டியிருந்தது. ராஜா தாமே துணியை அவிழ்த்து மணியை ஆட்டினார். எதிர்க்கரையில் படகு அசைந்தது.

பையிலிருந்து மகளின் ஓலையை எடுத்துப் படித்தார். "அப்பா, எத்தனையோ முறை எழுதிவிட்டேன். என்மேல் கோபமா? அப்பா வராமல் ஒரு வளையல்கூட அடுக்கக் கூடாது என்று அத்தை நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார். வாசலைப் பார்த்தபடி இருக்கிறோம்."

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்படிப்பட்ட சம்பந்தி வீட்டுமேலா படை எடுக்கப் பார்த்தேன்? தெய்வநாயகரே, என் மானத்தையும் மகள் வாழ்வையும் காப்பாற்றினீர். இந்த நன்றியை நான் மறந்தால் மனிதனே இல்லை" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு இருளப்பனைப் பார்த்தார். "மழையில் நீ நனைந்து, என் மகள் எழுத்துக்குக் கம்பளி போர்த்தியிருக்கிறாய். உனக்கு நான் என்ன செய்வேன்?"

"நான் அடிக்க வேண்டிய மணியை மகாராஜாவே அடிச்சிட்டீங்க, போதும் சாமி."

"போதாது. எல்லா மணியிலும் சுற்றிய துணி இன்றே அவிழட்டும். நீ ஊருக்குப் போய்ப் பிள்ளைகுட்டிகளோடு இரு. விருத்தகிரி, நீர் இந்தப் பையோடு படகில் ஏறும். அரண்மனை வரை மணி அடித்துக்கொண்டே ஓடும். இவன் திரும்பும்வரை இந்த வேலை உமக்குத்தான். அப்படியே வளையல்காரரையும் சீர்வரிசையையும் அனுப்பிவையும்."

படகு வந்து நின்றது. ராஜா ஏறவில்லை. மண்டபத்தில் இருந்த இன்னொரு மணி ஈட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மகள் ஊர்ப் பாதையில் விறுவிறு என்று நடந்தார். யானையும் அமைச்சரும் பின்னால் வந்தார்கள்.

வாசலில் மணி கேட்டதும் பூங்கோதை வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல வெளியே வந்தாள். "அப்பாகிட்டேருந்து ஓலை வந்திருக்கா?" என்றாள்.

"ஓலை இல்லைம்மா. நானே வந்திருக்கேன்" என்றார் ராஜா.