எம்ரிஸ் பந்தை வைத்ததும் வரும் மௌனம்

வேல்ஸ் நாட்டின் மலைப் பள்ளத்தாக்குகளில் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. மேகமே இறங்கி வந்து தெருவில் நடக்கும். எதிரே வருகிறவரின் முகம் தெரிவதற்கு முன்னால் அவர் முணுமுணுக்கும் பாட்டு கேட்டுவிடும். அப்படி ஒரு ஊரில் பிறந்த ஆண்பிள்ளை ரக்பியும் ஆட வேண்டும், தேவாலயக் கூடத்தில் பாடவும் வேண்டும். இரண்டில் ஒன்றாவது உருப்படியாக வந்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள்.

எம்ரிஸுக்கு ஆட்டம் வந்தது. சின்ன வயதில் வீட்டுத் துணிக்கொடிக்கு மேலே பந்தை உதைத்து உதைத்து, அம்மாவின் போர்வைகளையெல்லாம் சேறாக்கியவன். இருபது வயதில் நாட்டுக்காகச் சிவப்புச் சட்டை போட்டான். முதல் ஆட்டத்துக்குக் கொடுக்கும் குஞ்சம் வைத்த தொப்பியை அதே அம்மா கண்ணாடிப் பெட்டியில் வைத்துத் தினமும் துடைத்தாள். அவன் வேலை உதைப்பது. ஆங்கில எச் எழுத்தைப் போல் நிற்கும் கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கட்டைக்கு மேலே பந்து போக வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடமாகப் போய்க்கொண்டுதான் இருந்தது.

போன மாதம் போகவில்லை. சுலபமான இடம், காற்றும் இல்லை. அந்த ஒரு உதையில் ஆட்டமே கைவிட்டுப் போனது.

சனிக்கிழமை அடுத்த ஆட்டம். உதைக்கிறாயா, வேறு ஆளைப் பார்க்கட்டுமா என்று அணித்தலைவன் கேட்டிருந்தான். வேறு ஆள் வந்தால் எம்ரிஸின் சிவப்புச் சட்டை அதோடு சரி. முப்பத்திரண்டு வயதுக்காரனை யாரும் திரும்பக் கூப்பிட மாட்டார்கள்.

அவன் நேராக மார்வெனிடம் போனான். ஊர் ஆண்களின் பாட்டுக் குழுவை நடத்துகிறவர் அவர். எம்ரிஸை விட இரண்டே வயது மூத்தவர். ஆனால் எழுபது வயதுக் கிழவர்களும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். குழுவில் எம்ரிஸும் உண்டு, கடைசி வரிசையில். குரலைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

டீச்சர் கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளு. அந்தப் பக்கம் பிடி."

அவன் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டே சொன்னான்.

"மைதானத்துல எழுபதாயிரம் பேர் பாடிக்கிட்டே இருப்பாங்க. நான் பந்தைத் தரையில வெச்ச உடனே அத்தனை பேரும் நிறுத்திடுவாங்க."

"எதிரணிக்காரன் வெச்சாலும் நிறுத்துவாங்க. நம்ம ஊரு மரியாதை அது."

"அந்த மௌனத்தை என்னால தாங்க முடியல."

டீச்சர் அடுத்த நாற்காலியை இழுத்து வரிசையில் போட்டார்.

"தண்ணிக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு. கம்பம் ரெண்டும் தள்ளித் தள்ளிப் போகுது. அத்தனை பேரும் எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்கன்னு நினைச்சா காலே நகரல. அதை எப்படித் தாங்குறது?"

"இன்னைக்குப் பயிற்சி இருக்கு. இருந்து பாடிட்டுப் போ."

கோபம் வந்தது அவனுக்கு. இருந்தாலும் இருந்தான்.

பனியைத் தட்டிக்கொண்டு ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பழைய துதிப்பாடல் ஒன்றை எடுத்தார் டீச்சர். மெல்ல ஆரம்பித்து, மலையேறுகிறவர்களைப் போல அடி அடியாக உயர்ந்துகொண்டே போகும் பாட்டு. உச்சியில் ஒரு நிறுத்தம். டீச்சர் கையை மூடினால் எல்லாக் குரலும் அடங்க வேண்டும். கையைத் திறந்தால் மறுபடி எழ வேண்டும்.

கை மூடியது. கூடம் அடங்கியது. ஒரு குரல் மட்டும் தனியாகக் கிளம்பி, பாதியில் வெட்கப்பட்டு நின்றது.

எம்ரிஸ்தான். பக்கத்தில் நின்ற கசாப்புக்கடை இவோர் இருமுவதுபோல் சிரித்தார்.

"மறுபடி," என்றார் டீச்சர்.

மறுபடியும் அவனே மாட்டிக்கொண்டான். அந்த இடைவெளியை நிரப்பாமல் இருக்க அவனால் முடியவில்லை.

டீச்சர் அவனை வரிசையிலிருந்து வெளியே கூப்பிட்டார்.

"நீ பாட வேண்டாம். இங்கே எனக்குப் பக்கத்துல நின்னு அவங்களைப் பாரு."

பாட்டு எழுந்தது. ஜன்னலுக்கு வெளியே மலை இருந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ அசைந்தது. குரல்கள் மேலே மேலே போயின. எம்ரிஸுக்குக் கால் தரையில் இருக்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது. டீச்சரின் கை மூடியது.

அத்தனை மார்புகளும் ஒன்றாக விரிந்தன. இவோரின் தொப்பை கூட எழும்பியது. கூடமே பெரிதானதுபோல் இருந்தது. பிறகு கை திறந்தது, பாட்டு வந்தது.

"என்ன பார்த்தே?"

"மூச்சு வாங்குனாங்க."

"உன்னை யாராவது பார்த்தாங்களா?"

"இல்ல."

"சனிக்கிழமையும் அவ்வளவுதான்."

எம்ரிஸ் வெகுநேரம் அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குப் போகும் வழியில் அணித்தலைவனை அழைத்து, நானே உதைக்கிறேன் என்றான்.

அடுத்த வாரப் பயிற்சிக்கு அவன் தாமதமாக வந்தான். அவன் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. எல்லோரும் ஆட்டத்தைப் பார்த்திருந்தார்கள். டீச்சரிடம் மட்டும் தொலைக்காட்சி கிடையாது.

"உதைச்சியா?"

"நாலு சரியா உள்ளே போச்சு, டீச்சர். கடைசி ஒண்ணு கம்பத்துல பட்டு வெளியே வந்துடுச்சு. தோத்துட்டோம்."

"மௌனம் எப்படி இருந்துச்சு?"

"நானும் அவங்களோட மூச்சு வாங்கினேன்."

"பந்து வெளியே போனப்புறம்?"

எம்ரிஸ் நனைந்த மேல்சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டான்.

"கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. அப்புறம் மேல எங்கேயோ ஒரு மூலையில ஆரம்பிச்சாங்க. பாடுனாங்க, டீச்சர்."

"எந்த இடத்துலேருந்து?"

"விட்ட இடத்துலேருந்து."

டீச்சர் தாளைத் திருப்பிக் கையை உயர்த்தினார்.

"நாமும் அங்கேயிருந்துதான் எடுக்கப் போறோம். போய் உன் இடத்துல நில்லு."